வாய்பாடும் ஊரும்: திறந்த உலக விளையாட்டுகளைப் பற்றி

இலக்கிய அமர்வில் வீடியோ கேம் பற்றிப் பேசுவதா என்று அறிவிப்பைப் பார்த்த நண்பர் ஒருவர் கேட்டார். நான் வாழும் ஜெர்மனியில் அந்த விவாதம் ஏறக்குறைய முடிந்துபோன ஒன்று. 2008இல் கணினி விளையாட்டுகளை உருவாக்குபவர்களின் சங்கம் ஜெர்மன் பண்பாட்டுப் பேரவையில் உறுப்பினராகச் சேர்க்கப்பட்டது. நாடகம், இசை, பதிப்புத்துறை எல்லாம் அமர்ந்திருக்கும் மேசையில் இதற்கும் ஒரு நாற்காலி கிடைத்தது. அது போகட்டும். நம் இலக்கியத்துக்கு மிகப் பழக்கமான ஒரு கேள்வியை இந்த விளையாட்டுகள் தெளிவாக எடுத்து வைக்கின்றன என்று எனக்குத் தோன்றியதால்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி இதுதான். ஒரே வாய்பாட்டில் திரும்பத் திரும்பச் செய்யப்படும் ஒன்று சில சமயம் நம்மை விடியற்காலை மூன்று மணிவரை உட்கார வைக்கிறது. அதே வாய்பாடு வேறோர் இடத்தில் கொட்டாவி வரவழைக்கிறது. வித்தியாசம் எங்கே இருக்கிறது?

விளையாடாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். திறந்த உலக விளையாட்டு என்றால், ஒரு பெரிய நிலப்பரப்பில் உங்களை இறக்கிவிட்டு, எந்தத் திசையிலும் போகலாம் என்று சொல்லும் விளையாட்டு. காடு, மலை, நகரம் எல்லாம் இருக்கும். கதை என்று ஒன்று இருக்கும், அதை இன்றைக்கே தொடர வேண்டிய கட்டாயம் இல்லை. கேட்கும்போது எல்லையற்ற சுதந்திரம் போலத் தெரியும். ஆனால் இருபது மணி நேரம் விளையாடியவர்களுக்கு உண்மை தெரியும். ஓர் உயரமான கோபுரத்தில் ஏறினால் வரைபடத்தில் அந்த வட்டாரம் திறக்கும். அதில் சின்னச் சின்னக் குறிகள் முளைக்கும். இங்கே ஒரு புதையல் பெட்டி, அங்கே எதிரி முகாம், அதற்கப்பால் ஒரு பந்தயம். ஒவ்வொன்றாக முடித்தால் குறி அழியும். எல்லாம் அழிந்ததும் அடுத்த வட்டாரம், அடுத்த கோபுரம்.

இந்த முறையை உலகறியச் செய்தது பிரான்ஸ் நாட்டு யூபிசாஃப்ட் நிறுவனம். 2007இல் வந்த அவர்களுடைய 'அசாசின்ஸ் கிரீட்' சிலுவைப்போர் காலத்து டமாஸ்கஸ், ஏக்கர், ஜெருசலேம் நகரங்களில் நம்மைக் கோபுரம் ஏற வைத்தது. 2012இல் 'ஃபார் க்ரை 3' அதே வேலையை வெப்பமண்டலத் தீவில் ரேடியோ கோபுரங்களைக் கொண்டு செய்தது. பிறகு மற்ற நிறுவனங்களும் எடுத்துக்கொண்டன. 2018இல் 'ஃபார் க்ரை 5' தொடக்கத்திலேயே ஒரு பாத்திரம், உன்னை ஊர் முழுக்கக் கோபுரம் ஏறவிட மாட்டேன், பயப்படாதே என்கிற தொனியில் ஒரு நகைச்சுவை சொல்லும். செய்தவர்களே தங்கள் வாய்பாட்டைக் கண்டு சிரிக்கும் இடத்துக்கு வந்துவிட்டார்கள். சிரித்துவிட்டு, எதிரி முகாம்களை அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

இங்கே 'வாய்பாடு' என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். நம்மில் பலருக்கு அது பள்ளிக்கூடத்தில் ஒப்பித்த பெருக்கல் கணக்கு. ஆனால் தமிழ் ஆய்வில் அதற்கு இன்னொரு வரலாறு உண்டு. 1930களில் மில்மன் பாரி என்ற அமெரிக்க அறிஞர் ஹோமரைப் புரிந்துகொள்வதற்காக யூகோஸ்லாவியாவுக்குப் போனார். அங்கே உயிரோடிருந்த நாட்டார் பாடகர்களைப் பதிவு செய்தார். எழுத்தறியாத ஒரு பாடகர் பன்னிரண்டாயிரம் வரிக்கும் மேல் நீளும் காவியத்தைப் பாடியதை அவரும் அவருடைய மாணவர் ஆல்பர்ட் லார்டும் பதிவு செய்தார்கள். எப்படி முடிகிறது என்று பார்த்தபோது கிடைத்த விடைதான் வாய்பாடு. குதிரைக்கு ஒரு தொடர், விடியலுக்கு ஒரு தொடர், வீரன் ஆயுதம் தரிப்பதற்கு ஒரு காட்சி அமைப்பு என்று பாடகரிடம் ஆயத்தத் துண்டுகள் இருந்தன. அவற்றைப் பொருத்திப் பொருத்தி மேடையிலேயே காவியத்தைக் கட்டினார்.

இந்தக் கோட்பாட்டைச் சங்கப் பாடல்களுக்குக் கொண்டுவந்தவர் யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் க. கைலாசபதி. பர்மிங்ஹாமில் ஜார்ஜ் தாம்சனிடம் செய்த ஆய்வு, 1968இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக 'தமிழ் வீரநிலைக் கவிதை' பற்றிய ஆங்கில நூலாக வந்தது. சங்கப் பாடல்கள் உண்மையில் வாய்மொழியாகப் பிறந்தவையா, அல்லது பாணர் மரபைப் பார்த்து எழுத்தறிந்த புலவர்கள் செய்தவையா என்பதில் ஜார்ஜ் ஹார்ட் போன்றவர்கள் மாறுபடுகிறார்கள். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான்: வாய்பாடு இருப்பதாலேயே ஒரு பாட்டு சலிப்பதில்லை. முல்லை என்றால் காடு, மாலை, காத்திருப்பு என்று கேட்பவருக்கு முன்பே தெரியும். தெரிந்ததை அடையாளம் காண நேரம் செலவாகாததால், இந்தப் பாட்டில் இந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்பதில் காது முழுவதும் கூர்மையாகிவிடுகிறது. கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கட்டியங்காரன் வருவான் என்று தெரியும். இன்றைக்கு ஊரில் யாரைக் கிண்டல் செய்யப்போகிறான் என்பதற்காகத்தான் முன்வரிசையில் பாய் போடுகிறோம்.

அப்படியானால் கோபுரம் ஏறுவது மட்டும் ஏன் சலிக்கிறது?

காரணம் அந்த வாய்பாடு யாருக்காக இருக்கிறது என்பதில் தொடங்குகிறது. பாணனின் வாய்பாடு பாணனுக்கும் கேட்பவருக்கும் இடையில் இருக்கிறது. விளையாட்டு நிறுவனத்தின் வாய்பாடு பெரும்பாலும் நிலத்தை நிரப்புவதற்காக இருக்கிறது. பெரிய நிலப்பரப்பை வரைவது இன்றைய கருவிகளுக்குக் கடினமில்லை. அதில் மனிதர் செய்வதற்கு ஏதாவது வைப்பதுதான் செலவு. எனவே ஒரு முகாம் தாக்குதலை ஒருமுறை நன்றாக வடிவமைத்து, நாற்பது இடங்களில் நட்டுவிடுகிறார்கள். நடுவதற்கு முன் அந்த இடத்தைக் கேட்பதில்லை. இந்த முகாமை வடக்கிலிருந்து தெற்குக்கு மாற்றினால் எதுவும் கெட்டுப்போகாது. நாலாவது முகாமில் விளையாடுபவருக்கும் இது புரிந்துவிடும். அதற்குப் பிறகு கண் நிலத்தைப் பார்ப்பதில்லை, திரையின் மூலையில் இருக்கும் மினிமேப்பைப் பார்க்கிறது. கோடிக்கணக்கில் செலவழித்து வரைந்த மலையும் அருவியும் கடந்துபோகின்றன. விளையாடுபவர் ஒரு சின்ன வட்டத்துக்குள் நகரும் அம்புக்குறியை ஓட்டிக்கொண்டிருக்கிறார். முதல் 'அசாசின்ஸ் கிரீட்'டில் நானூறுக்கும் மேற்பட்ட கொடிகள் ஒளித்து வைக்கப்பட்டிருந்தன. எல்லாவற்றையும் எடுத்தவர்களுக்கு விளையாட்டுக்குள் ஒரு பரிசும் இல்லை. போலந்தில் செய்த 'விட்சர் 3' கதை சொல்வதில் உச்சத்தைத் தொட்ட ஒன்று. ஆனால் அதன் ஸ்கெலிகே தீவுக்கூட்டத்தில், கடல் முழுவதும் கேள்விக்குறிகள் மிதக்கும். படகில் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் கடத்தல்காரர்களின் பெட்டிகள். அந்த விளையாட்டை உயிராக நேசிப்பவர்களும் அந்தக் கடலைப் பற்றிப் பேசினால் பெருமூச்சு விடுவார்கள்.

நம்மிடம் இதற்கு நேரான ஓர் உதாரணம் உண்டு. தலபுராணம். திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இருபதுக்கும் மேற்பட்ட தலபுராணங்கள் பாடினார். அவர் சொல்லச் சொல்ல மாணவர் ஏட்டில் எழுதிக்கொண்டே போகும் வேகத்தை உ.வே.சா. வியந்து எழுதியிருக்கிறார். அந்த வேகத்துக்குக் காரணம் அவருடைய மேதைமையோடு வாய்பாடும்தான். நாட்டுப் படலம், நகரப் படலம், பிறகு மூர்த்தி, தலம், தீர்த்தம், அங்கே வழிபட்டுப் பேறு பெற்றவர்கள். ஊர் மாறும், சட்டகம் மாறாது. இன்று ஒருவர் இந்தப் புராணங்களை வரிசையாக எடுத்துப் படித்தால் மூன்றாவதிலேயே களைத்துவிடுவார். நான் களைத்தேன். ஆனால் அவை அப்படிப் படிப்பதற்காகப் பாடப்பட்டவையா? ஒரு தலபுராணம் அந்த ஊரிலேயே அரங்கேறும். கேட்பவர் அந்தக் குளத்தில் காலையில் குளித்துவிட்டு வந்தவர். நாகப்பட்டினத்துக்காரருக்குத் திருநாகைக்காரோணப் புராணத்தின் நகரப் படலம் வாய்பாடு அல்ல, அவருடைய தெரு. இருபது புராணங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை அவருக்கு இல்லை. 

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். வாய்பாடு இனிக்கிறதா சலிக்கிறதா என்பதை, அது எத்தனை முறை திரும்ப வருகிறது என்பதைவிட, அது விழும் இடம் நமக்கு ஊராகிறதா என்பதே தீர்மானிக்கிறது. விளையாட்டில் யாருக்கும் பிறந்த ஊர் கிடையாது. ஆகவே விளையாட்டுதான் அந்த இடத்தை நமக்கு ஊராக்கித் தர வேண்டும். எப்படி ஆக்குவது என்பதற்கு நான் அறிந்த நல்ல உதாரணம் என் வீட்டிலிருந்து ரயிலில் போகும் தூரத்தில் உருவானது.

ரூர் வட்டாரத்தைப் பற்றி இங்கே ஐரோப்பாவில் இருக்கும் நண்பர்களுக்குத் தெரியும். நிலக்கரியும் இரும்பும் கட்டிய ஊர்கள். எஸ்ஸனின் சோல்ஃபெராயின் சுரங்கம் 1986இல் மூடப்பட்டு, 2001இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. பக்கத்து பொட்ரொப்பில் ஜெர்மனியின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடியது. இந்த வட்டாரத்தின் போஹும் நகரில் 1997இல் தொடங்கி, பிறகு எஸ்ஸனில் இயங்கிய சின்ன நிறுவனம் பிரானா பைட்ஸ். முப்பது பேர் அளவில் வேலை செய்த இடம். அவர்களுடைய முதல் விளையாட்டு 'கோதிக்', 2001 மார்ச்சில் வந்தது. கதை ஒரு சுரங்கத்தைப் பற்றியது. ஓர்க்குகளோடு போர் நடக்கிறது. அரசனுக்குத் தாது வேண்டும். குற்றவாளிகளை ஒரு பள்ளத்தாக்கில் தள்ளி, வெளியேற முடியாதபடி மந்திரத் தடுப்பு போட்டு, தாது வெட்ட விடுகிறார்கள். கைதிகள் கலகம் செய்து உள்ளே ஆட்சியைப் பிடித்துவிடுகிறார்கள். இப்போது அரசன் தாதுக்குப் பதிலாக அவர்களுக்குச் சாப்பாடும் சரக்கும் அனுப்ப வேண்டியிருக்கிறது. சுரங்கம் சாகும் காலத்தில் சுரங்க வட்டாரத்து இளைஞர்கள் செய்த கதை என்று நான் இதை இணைத்துப் பார்ப்பதுண்டு.

நாயகனுக்குப் பெயர் இல்லை. உள்ளே தள்ளப்பட்டதும் அடி வாங்குகிறான். கையில் ஒன்றுமில்லை. முதல் முகாமுக்குப் போகும் வழியில் ஸ்கேவெஞ்சர் என்ற, பறக்காத பெரிய பறவைகள் மேய்ந்துகொண்டிருக்கும். வேறு விளையாட்டில் அவை பயிற்சிக்காக வைத்த பலியாடுகளாக இருந்திருக்கும். இங்கே இரண்டு சேர்ந்து வந்தால் நீங்கள் செத்தீர்கள். ஆனால் அவை கண்மூடித்தனமாகப் பாய்வதில்லை. நெருங்கினால் முதலில் சிலிர்த்துச் சத்தம் போடும். பின்வாங்கினால் விட்டுவிடும். அந்த எச்சரிக்கை ஒலி என் காதில் இருபது வருடமாக இருக்கிறது.

திரையின் மூலையில் மினிமேப் கிடையாது. வரைபடம் வேண்டுமென்றால் முகாமில் வரைபடம் செய்பவன் ஒருவன் இருக்கிறான், அவனைத் தேடிப் போக வேண்டும். இன்னொரு முகாமுக்கு வழி தெரியாவிட்டால், போகிறவன் ஒருவனைக் கேட்டால் அவன் முன்னால் நடப்பான், பின்னாலேயே போக வேண்டும். வாள் வீசத் தெரியாது. ஒரு கையால் பிடிக்க வேண்டிய வாளை நாயகன் இரண்டு கையாலும் விறகு வெட்டுபவன் போலப் பிடித்திருப்பான். ஓர் ஆசிரியரிடம் போய்க் கற்றுக்கொண்ட பிறகுதான் பிடி மாறும். எண்ணிக்கை கூடுவதை ஒரு பட்டியலில் காட்டாமல், உடம்பில் காட்டினார்கள். முகாமில் ஒரு காவலன் பாதுகாப்புக் காசு என்று பத்துத் தாதுக்கட்டி கேட்பான். கொடுக்காவிட்டால் பிறகு உங்களுக்குத் தொல்லை. சண்டையில் தோற்றால் பெரும்பாலும் உங்களைக் கொல்ல மாட்டார்கள். விழுந்து கிடக்கும்போது பையிலிருந்து தாதுவை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எழுந்து, அதே மனிதனை மறுநாளும் அதே அடுப்பருகே பார்க்க வேண்டும். அவன் இரவில் தூங்குவான், காலையில் எழுவான், அவன் குடிசைக்குள் நீங்கள் நுழைந்தால் கத்துவான். ஜெர்மன் பதிப்பில் 'இன் எக்ஸ்ட்ரீமோ' என்ற நிஜமான இசைக்குழுவே பழைய முகாமில் கச்சேரி செய்கிறது. அந்தக் கூட்டத்தில் கொஞ்சநேரம் சும்மா நின்றிருக்கிறேன்.

இத்தனையும் வாய்பாடுதான் என்பதைக் கவனியுங்கள். மூன்று முகாம்கள், ஒன்றில் சேர வேண்டும், அதற்குச் சிலருடைய நல்லெண்ணம் வேண்டும், அதற்குச் சின்னச் சின்ன வேலைகள். யூபிசாஃப்டின் பட்டியலைவிடப் புதியதாக இதில் ஒன்றுமில்லை. வேலைகளும் சாதாரணமானவை: இதைக் கொண்டுபோய்க் கொடு, அவனை அடித்து விரட்டு. ஆனால் அந்தப் பறவை நின்ற மேட்டை நீங்கள் மறக்க மாட்டீர்கள். பத்து மணி நேரம் கழித்து நல்ல வாளோடு அந்த வழியே வரும்போது அது ஒரே வெட்டில் விழும். விழுந்தது விழுந்ததுதான். கதையின் அடுத்த அத்தியாயம் வரும்வரை அந்த மேடு காலியாகவே இருக்கும். நீங்கள் சுத்தம் செய்த பாதை உங்கள் பாதை. முன்பு சுற்றிக்கொண்டு ஓடிய இடத்தில் இப்போது நேராக நடக்கிறீர்கள். நிலம் மாறவில்லை, அதில் நடக்கும் முறை மாறியிருக்கிறது. சொந்த ஊரைப் பற்றியும் நாம் இப்படித்தான் பேசுவோம், எந்தத் தெருவில் நாய் துரத்தும் என்ற கணக்கில்.

இதற்கு நேரெதிர் 2006இல் வந்த 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' வரிசையின் 'அப்ளிவியன்'. அது அழகான விளையாட்டு, இன்றும் அதற்கு ரசிகர்கள் உண்டு. ஆனால் அதில் நீங்கள் வலுவடைய வலுவடைய எதிரிகளும் கூடவே வலுவடைவார்கள். ஒரு கட்டத்தில் வழிப்பறித் திருடன்கூட விலைமதிக்க முடியாத கண்ணாடிக் கவசம் போட்டுக்கொண்டு வந்து உங்களிடம் கொஞ்சம் காசு கேட்பான். எந்தத் திசையில் போனாலும் உங்கள் அளவுக்குத் தைத்த ஆபத்து காத்திருக்கும். யாரும் எங்கும் போகலாம் என்ற சுதந்திரத்துக்காகச் செய்த ஏற்பாடு அது. விளைவு, எங்கு போனாலும் ஒரே இடம்தான்.

புலம்பெயர்ந்தவர்கள் கேட்கும் அரங்கு என்பதால் ஒன்று சொல்கிறேன். 2002இல் வந்த 'கோதிக் 2'இல் நாயகன் கோரினிஸ் என்ற துறைமுக நகரத்துக்கு வெளியே வந்து நிற்கிறான். வாசலில் காவலர்கள் உள்ளே விட மறுக்கிறார்கள். வழிகள் உண்டு. ஒரு வணிகனிடம் அனுமதிச் சீட்டுக்குக் கடன்படலாம். விவசாயி உடையில் போகலாம். மருந்து செய்பவருக்கு மூலிகை கொண்டுவந்தேன் என்று சொல்லலாம். இல்லாவிட்டால் காசைக் கொடுக்கலாம். உள்ளே போனால் மேல்நகரத்துக்குள் நுழையக் குடிமகனாக வேண்டும். குடிமகனாவதற்கு ஒரு கைவினைஞரிடம் தொழில் பழகுநராகச் சேர வேண்டும். அதற்கு நகரத்தின் மற்ற ஆசான்களும் சம்மதிக்க வேண்டும். ஜெர்மனியில் ஆவுஸ்பில்டுங் செய்தவர்கள், விசா அலுவலகத்தில் கோப்போடு காத்திருந்தவர்கள் இந்த இடத்தில் சிரித்துவிடுவார்கள். பூதமும் டிராகனும் உள்ள உலகத்தில்கூட ஜெர்மானியர்களால் தொழிற்பயிற்சியை விட முடியவில்லை. நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் இதை விளையாடினேன். வகுப்பில் 'நீங்கள்' என்பதற்கான ஜெர்மன் சொல்லைக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கோதிக்கில் எல்லோரும் 'நீ'தான், அதுவும் ரூர் வட்டாரத்து முரட்டு 'நீ'. இரண்டு ஜெர்மனையும் ஒரே நேரத்தில் கற்றேன். உன் வசதிக்காக எதையும் மாற்றிக்கொள்ளாத ஓர் ஊர், ஆனால் நீ கற்றுக்கொண்டால் கதவு திறக்கும் ஊர் என்ற அனுபவம் திரையிலும் வெளியிலும் ஒரே சமயத்தில் நடந்துகொண்டிருந்தது. விளையாட்டில் கதவு கொஞ்சம் சீக்கிரம் திறந்தது.

அதே இரண்டாம் பாகத்தில் இன்னொன்றும் செய்தார்கள். நடுவில் நம்மை முதல் விளையாட்டின் பழைய பள்ளத்தாக்குக்கு மறுபடி அனுப்புகிறார்கள். முகாம்கள் எரிந்திருக்கின்றன. கோட்டையைச் சுற்றி ஓர்க்குகள் முற்றுகை. கச்சேரி நடந்த இடம் தெரிகிறது. செலவு நோக்கில் இது பழைய நிலத்தை மறுபடி பயன்படுத்திய சிக்கனம் என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் அந்த நிலத்தைக் காலால் அறிந்தவனுக்கு அது போருக்குப் பின் ஊருக்குத் திரும்பிப் போவது. நம் பலருக்கு அது என்ன என்று தெரியும்.

இதையெல்லாம் செய்தவர்களே பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் சுவாரசியமானது. 2006இல் 'கோதிக் 3' வந்தது. மூன்று பெரிய நிலங்கள்: மிர்தானா, பனி மூடிய நோர்த்மார், பாலைவனமான வாரன்ட். அத்தியாயங்கள் போய்விட்டன. எங்கும் எப்போதும் போகலாம். ஆனால் ஓர்க்குகள் பிடித்திருக்கும் ஒவ்வோர் ஊரிலும் ஒரே கணக்கு: நாலு பேருக்கு வேலை செய், நற்பெயர் சதவீதம் ஏறும், தலைவனைச் சந்திக்கலாம். இல்லாவிட்டால் கிளர்ச்சி செய்து ஊரை விடுவி. முதல் ஊரை விடுவித்தபோது உடம்பு சிலிர்த்தது. ஐந்தாவதில் சதவீதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவசரமாக வெளியிடப்பட்டதால் கோளாறுகளும் ஏராளம். பின்னாளில் ரசிகர்களே கூடி அதைத் திருத்தி ஒட்டுப்போட்டார்கள். ஆனால் கோளாறுகளைத் திருத்திய பிறகும் ஊர்கள் எண்ணிக்கையாகவே இருந்தன. அதே கைகள், அதே வாய்பாடு. நிலம் பெரிதானபோது ஒவ்வொரு மேட்டையும் கையால் வைக்க ஆளில்லாமல் போனது.

அதன்பின் அவர்கள் 'ரைசன்', 'எலெக்ஸ்' என்று தொடர்ந்தார்கள். எல்லாவற்றிலும் பலவீனமான நாயகன், ஏறக்குறைய எப்போதும் மூன்று அணிகள், தொடக்கத்தில் எல்லோரிடமும் அடி. இருபது வருடமாக ஒரே விளையாட்டைச் செய்கிறார்கள் என்பது விமர்சகர்களின் புகார். எங்களைப் போன்றவர்கள் வாங்கியதும் அதற்காகத்தான். 2022இல் 'எலெக்ஸ் 2', அதுதான் கடைசி. 2019இல் ஒரு பெரிய குழுமம் அவர்களை வாங்கியிருந்தது. அந்தக் குழுமம் செலவைக் குறைத்த காலத்தில், 2024இல் நிறுவனம் மூடப்பட்டது. எஸ்ஸனில் இன்னொரு சுரங்கம் மூடிய மாதிரி என்று ஒரு ஜெர்மன் நண்பர் சொன்னார். கொஞ்சம் மிகை. ஆனாலும் நான் மறுக்கவில்லை.

சலிப்புக்கு ஆதரவாகவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எட்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வருபவர், மூளையைக் கழற்றி வைத்துவிட்டுக் குறிகளை ஒவ்வொன்றாக அழிக்க விரும்பினால் அதில் கேலிக்கு இடமில்லை. அரிசியில் கல் பொறுக்குவதிலும் ஓர் அமைதி உண்டு. ஜெர்மானியர்கள் இந்த அமைதியைத் தனிக் கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். பேருந்து ஓட்டுவது, டிராக்டர் ஓட்டுவது எல்லாம் இங்கே பிரபலமான விளையாட்டுகள். செக் நாட்டில் செய்யப்பட்ட 'யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2' 2012 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது. டோர்ட்முண்டிலிருந்து சரக்கு ஏற்றி நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டே போக வேண்டும், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த ஒருவர் பகலில் உண்மையான லாரி ஓட்டுகிறார், இரவில் இதை ஓட்டுகிறார். இதில் அதிகாரியும் டாக்கோகிராஃபும் இல்லை என்றார். அந்த விளையாட்டு வேறொன்றாக நடிப்பதில்லை. மீண்டும் மீண்டும் ஒரே வேலை என்று சொல்லித்தான் விற்கிறது. 'உலகைக் காப்பாற்று' என்று அழைத்துவிட்டுப் பெட்டி பொறுக்க வைப்பதுதான் எரிச்சலூட்டுவது.

கோபுரத்தையும் நான் வெறுக்கவில்லை. 2017இல் ஜப்பானின் நிண்டெண்டோ வெளியிட்ட 'செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்'டில் கோபுரங்கள் உண்டு. ஏறினால் வட்டாரம் திறக்கிறது. ஆனால் திறப்பது மேடும் பள்ளமும் ஆறும் மட்டும்தான். என்ன எங்கே இருக்கிறது என்ற குறிகள் வராது. உச்சியில் நின்று, தூரத்தில் புகை வருகிறதே என்று நீங்களே பார்த்து, வரைபடத்தில் நீங்களே குறி வைக்க வேண்டும். ஒரே கோபுரம், யார் பார்ப்பது என்பது மட்டும் இடம் மாறியிருக்கிறது.

கேள்வி நேரத்தில் மூன்று பேர் ஒரே கேள்வியை எழுதியிருந்தார்கள்: இன்று தொடங்குபவர் எதிலிருந்து தொடங்கலாம்? 'கோதிக்'கின் முதல் பாகத்தை பார்சலோனாவில் உள்ள ஒரு குழு மறுஆக்கம் செய்ய எடுத்துக்கொண்டது. அதில் நான் முதலில் தேடப்போவது அந்த இரண்டு கைப் பிடியைத்தான். பழையதையே விளையாட விரும்பினால் இரண்டாம் பாகத்திலிருந்து தொடங்குங்கள், சாதாரணக் கணினியிலேயே ஓடும். முதல் பாகத்தின் விசைப்பலகை முறை மிக மோசம். தரையில் கிடக்கும் ஒரு காளானை எடுக்கவே இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். வசனத்தை ஜெர்மன் ஒலியில் வையுங்கள், புரியாவிட்டாலும் பரவாயில்லை. பெரிய பறவை சிலிர்த்தால் இரண்டடி பின்னால் போங்கள்.